சர்க்கரை நோய்க் கண்பாதிப்பில் அழற்சி: ஒரு பெயர் போய்த் திரும்பிய வரலாறு

பல ஆண்டுகள் நீடிக்கும் சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையைப் பழுதாக்கும். இதைத் தமிழில் நீரிழிவு விழித்திரை நோய் என்றும், ஆங்கிலப் பெயரை ஒட்டி டயாபடிக் ரெட்டினோபதி என்றும் எழுதுகிறோம். ரெட்டினோபதி என்ற சொல்லுக்கு ‘விழித்திரையில் நோய்’ என்று மட்டுமே பொருள். என்ன வகை நோய் என்பதை அது சொல்லாது. 1930களில்கூட மருத்துவ இதழ்கள் இதற்கு வேறொரு பெயரைப் பயன்படுத்தின. ‘ரெட்டினைடிஸ்’, அதாவது விழித்திரை அழற்சி என்பதே அந்தப் பெயர். பிறகு அது பொருந்தாது என்று நீக்கப்பட்டது. நீக்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், அழற்சி என்ற கருத்து வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பெயர் மட்டும் திரும்பவில்லை. இது ஏன் நடந்தது, இதனால் சிகிச்சையில் என்ன மாறியது, தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பங்கு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அழல், அழற்சி

அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த சொல்லே அழற்சி. ஐரோப்பிய மொழிகளிலும் இதற்கான சொற்கள் தீயை ஒட்டியே பிறந்தன என்பது வியப்பான ஒற்றுமை. அழற்சிக்கு நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதி வைத்தார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. கருவேல முள் ஏறிய விரலை மறுநாள் பார்த்தால் நான்கும் இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். காயம் பட்ட இடத்துச் செல்கள் வேதிப்பொருள்களை வெளியிட்டு அபாயத்தை அறிவிக்கின்றன. அருகிலுள்ள இரத்த நாளங்கள் விரிந்து, அவற்றின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் நாளச் சுவரில் ஒட்டி நின்று, சுவரைத் துளைத்து வெளியேறி, நுழைந்த கிருமியையோ அந்நியப் பொருளையோ தாக்குகின்றன. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஆண்டுக்கணக்கில் சிறு கனலாக நீடித்தால், காக்க வந்த செயலே கேடு செய்யும்.

தூத்துக்குடிக் கடலோரத்து மாணவருக்கு முத்துச்சிப்பியைக் காட்டி இதைச் சொல்லலாம். சிப்பிக்குள் ஓர் அந்நியப் பொருள் அகப்பட்டுக்கொண்டால், சிப்பி அதன்மேல் அடுக்கடுக்காகப் பூச்சு பூசி மூடுகிறது. அதுவே முத்து. இந்தத் தற்காப்பைப் பயன்படுத்தித்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி, 1973-இல் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினார். மனித உடலின் அழற்சியும் முத்து உருவாவதும் ஒன்றல்ல. ஆனால் வெளியிலிருந்து வந்த தொல்லைக்கு உடல் காட்டும் எதிர்வினை அந்த இடத்தையே மாற்றிவிடும் என்பது இரண்டுக்கும் பொது. சிப்பிக்குள் ஒரு முத்துக்கு இடம் உண்டு. விழித்திரையோ அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத படலம். அங்கே ஒரு துளி நீர் தேங்கினாலும் பார்வை மங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும். விழித்திரையில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அது கண்ணின் பின்பக்கம் மறைந்து இருப்பதால் சிவந்தாலும் வெளியே தெரியாது. செல்சஸ் சொன்ன நான்கில் வலி, சிவப்பு, சூடு மூன்றையும் நோயாளி அறிய வழியில்லை. வீக்கம் ஒன்றுதான் எஞ்சுகிறது. அதுவும் பார்வை மங்கிய பிறகுதான் தெரியும்.

பெயர் வந்த கதை

1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் உள்நோக்கிக் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. சில ஆண்டுகளிலேயே வியன்னாவின் எட்வர்ட் யேகர், சர்க்கரை நோயாளி ஒருவரின் விழித்திரை மையத்தில் மஞ்சள் திட்டுகளையும் இரத்தக் கசிவையும் கண்டு எழுதினார். அன்றைய கண் மருத்துவத்தின் பேராசானாக இருந்த பெர்லின் வான் கிரேஃப இதை ஏற்கவில்லை. சர்க்கரைதான் காரணம் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. 1872-இல் லண்டனின் எட்வர்ட் நெட்டில்ஷிப், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை மையத்தில் நீர்க்குமிழிகள் போன்ற சிதைவு இருப்பதை நுண்ணோக்கியில் காட்டினார். 1876-இல் மான்ஸ் என்பவர் விழித்திரையின்மேல் புதிய இரத்த நாளங்களும் தழும்புத் திசுவும் படரும் முற்றிய நிலையை விவரித்தார்.

1890-இல் பெர்லினின் யூலியஸ் ஹிர்ஷ்பர்க் இந்நோயை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே ‘விழித்திரை அழற்சி’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் உறுப்பில் சிவப்பும் கசிவும் கண்டால் உடனே அழற்சி என்று பெயரிடுவது வழக்கம். விழித்திரையில் தெரிந்த மஞ்சள் திட்டுகளையும் அழற்சியால் வடிந்த நீர் உறைந்தது என்றே எண்ணினர். இன்றும் அத்திட்டுகளுக்கு ‘எக்ஸுடேட்’, அதாவது வடிவு என்ற பெயரே நீடிக்கிறது. ஆக, முதலில் வந்த பெயர் ஒரு கண்டுபிடிப்பால் வந்தது அல்ல. தோற்றத்தைப் பார்த்து வைத்தது.

பெயர் போன கதை

சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்த அழுத்தமும் நாளத் தடிப்பும் சேர்ந்தே இருப்பதால், கண்ணில் காண்பது அவற்றின் விளைவே என்று வாதிட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வேகனர், டிரை, வைல்டர் ஆகியோர் 1934-இல் இதைக் குறித்து விரிவாக எழுதினர். அவர்கள் கட்டுரையின் தலைப்பில் இருப்பது ‘ரெட்டினைடிஸ்’. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943-இல், கிளாஸ்கோவின் பேலன்டைன், லோவன்ஸ்டைன் இருவரும் நுண்குழாய்களில் குண்டூசித் தலைபோல் தோன்றும் சிறு புடைப்புகளைக் காட்டி எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘ரெட்டினோபதி’ வந்துவிட்டது. இரண்டு தலைப்புகளுக்கும் இடையே ஒரு கருத்து மாறிவிட்டதை இதிலிருந்தே அறியலாம்.

நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அழற்சிக்குரிய சீழோ, வெள்ளையணுக் கூட்டமோ தென்படவில்லை. நாளங்கள் புடைத்தும், அடைத்தும், கசிந்தும் இருந்தன. 1961-இல் கோகன், துசான், குவபாரா ஆகிய மூவர், விழித்திரையின் மற்றத் திசுக்களை நொதியால் கரைத்து, நுண்குழாய் வலையை மட்டும் மீன்வலைபோல் விரித்து வைத்துப் பார்த்தனர். குழாய்களைச் சுற்றித் தாங்கி நிற்க வேண்டிய ‘பெரிசைட்’ என்னும் செல்கள் சர்க்கரை நோயாளிகளிடம் மறைந்திருந்தன. நோய் குழாயில்தான் என்பது உறுதியாயிற்று. இதற்கிடையே 1948-இல் மைக்கேல்சன், ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதிய நாளங்களை வளரச் செய்கிறது என்று ஊகித்தார். அந்தப் பொருளை ‘எக்ஸ்’ என்றே குறித்தார்கள்.

அழற்சி என்ற பெயரை நீக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் கருதவில்லை. கையிலிருந்த கருவி காட்டியதை அவர்கள் நேர்மையாக எழுதினார்கள். நாளத்தில் ஒட்டியிருந்த வெள்ளையணுக்கள் அந்த முறைகளில் பார்வைக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாற்றம் நடந்த காலத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 1921-இல் கனடாவின் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன், இளவயதில் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிக நாள் வாழவில்லை. இன்சுலின் வந்ததும் அவர்கள் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கண்ணும் சிறுநீரகமும் பழுதாகும் அளவுக்கு நோய் நீடித்தது. தமிழ்நாட்டில் இதை முதலில் முறையாக எதிர்கொண்டவர் பேராசிரியர் எம். விசுவநாதன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் அவர். 1954-இல் இராயபுரத்தில் தம் சொந்த மருத்துவமனையை நிறுவினார். ஒரே நோயாளியை ஆண்டுதோறும் பார்த்து ஏட்டில் குறித்து வைக்கும் இத்தகைய இடங்கள் இருந்ததால்தான் பின்னாளில் இங்கே ஆய்வுகள் நடத்த முடிந்தது.

முடக்குவாதம் தந்த துப்பு

1964-இல் பவல், ஃபீல்ட் என்ற இருவர் லான்செட் இதழில் சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டனர். சர்க்கரை நோயோடு முடக்குவாதமும் உள்ளவர்களிடம், சர்க்கரை நோய் மட்டும் உள்ளவர்களைவிட விழித்திரைப் பாதிப்பு குறைவாக இருந்தது என்பது அதன் சாரம். முடக்குவாதம் மூட்டுகளின் அழற்சி. அதற்கு அன்று தந்த மருந்து ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட், அழற்சியைத் தணிப்பது. மூட்டுக்குத் தந்த மருந்து கண்ணையும் காத்ததோ என்ற கேள்வி எழுந்தது. பெயரிலிருந்து அழற்சியை நீக்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

முடக்குவாதம் என்றதும் நம் மாவட்டத்தார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோவிந்தப்பா வெங்கடசாமி, ஸ்டான்லியில் மருத்துவம் படித்து இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தவர். கடுமையான முடக்குவாதம் தாக்கி நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிவிட்டன. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டு, கண் மருத்துவம் பயின்று, கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அழற்சி அடங்காமல் நீடித்தால் உடலில் ஓர் உறுப்பை என்ன செய்யும் என்பதற்கு அவர் கைகளே சாட்சி. அவர் நிறுவிய மருத்துவமனை பின்னர் இந்த வரலாற்றில் இடம்பெறப் போகிறது.

பவல், ஃபீல்ட் குறிப்பைச் சோதித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. ‘டாமட்’ என்ற ஐரோப்பிய ஆய்வு 1989-இல் வெளியாயிற்று. தொடக்க நிலை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 990 மில்லிகிராம் ஆஸ்பிரின் தந்தபோது, நுண்குழாய்ப் புடைப்புகள் பெருகும் வேகம் ஓரளவு குறைந்தது. அமெரிக்காவில் 3,711 பேரைக் கொண்டு நடந்த ‘இ.டி.டி.ஆர்.எஸ்.’ என்ற பேராய்வு 1991-இல் முடிவைச் சொன்னது. நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் விழித்திரை நோயைத் தடுக்கவில்லை. அதேவேளை கண்ணுக்குள் இரத்தப் போக்கையும் அது கூட்டவில்லை. இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினைக் கண்ணுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இந்த முடிவை வைத்துத்தான்.

அழற்சிக் கருத்து இத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள்.

ஒட்டி நின்ற வெள்ளையணு

அதே 1991-இல், ஷ்ரோடர் என்பவரும் உடனாய்வாளர்களும் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் விழித்திரையில் ஒன்றைக் கண்டனர். நுண்குழாய்களுக்குள் வெள்ளையணுக்கள் அடைத்து நின்றன. ஒரு நுண்குழாயின் விட்டம் வெள்ளையணுவின் விட்டத்தைவிடச் சிறியது. வெள்ளையணு தன் உடலை நெளித்துக்கொண்டுதான் அதற்குள் நுழைந்து செல்லும். முடுக்கிவிடப்பட்ட வெள்ளையணு விறைப்பாகி நெளிய மறுக்கும். சுவரும் பிசுபிசுப்பாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். குறுகிய சந்தில் மாட்டுவண்டி நின்றுவிட்டால் பின்னால் வருபவை என்ன ஆகும்? அந்த நுண்குழாய்க்கு அப்பால் உள்ள செல்களுக்கு இரத்தம் கிடைக்காது.

சுவரைப் பிசுபிசுப்பாக்குவது எது? நாளத்தின் உட்சுவர்ச் செல்களின் மேற்பரப்பில் ‘ஐகேம்-1’ என்னும் புரதம் தோன்றுகிறது. வெள்ளையணுவின் மேலுள்ள ‘சி.டி.18’ என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. கொக்கியும் வளையமும் போல. 1995-இல் மெக்லியாட், லட்டி குழுவினர் மனிதர்களின் சர்க்கரை நோய்க் கண்களிலேயே ஐகேம்-1 மிகுந்திருப்பதைக் காட்டினர். 1999-இல் மியாமோட்டோ, அடாமிஸ் குழுவினர் எலிகளில் அந்த ஐகேம்-1ஐ எதிர்ப்பொருளால் மறைத்துவிட்டனர். வெள்ளையணு ஒட்டுவது குறைந்தது. நாளக் கசிவும் பெருமளவு குறைந்தது. 2004-இல் அன்டோனியா யூசன் குழுவினர், ஐகேம்-1 அல்லது சி.டி.18 பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளை மாதக்கணக்கில் சர்க்கரை நோயோடு வைத்துப் பார்த்தனர். விழித்திரைச் சிதைவு குறைவாகவே இருந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பு, நோயின் தோற்றத்தில் அழற்சிக்கு மையப் பங்கு உண்டு என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

இந்த வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுதான். 1890-இல் வைத்த பெயரும் 2004-இல் வைத்த தலைப்பும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே கருத்தல்ல. ஹிர்ஷ்பர்க் தோற்றத்தைப் பார்த்துச் சொன்னார். யூசன் குழுவினர் ஒரு புரதத்தை நீக்கி, விளைவு குறைகிறதா என்று பார்த்துச் சொன்னார்கள். வான் கிரேஃப அன்று கேட்ட சான்று இப்படித்தான் இருக்கும்.

கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற பகுதியை அறுவைச் சிகிச்சையின்போது எடுத்து ஆராய்ந்தவர்கள், அழற்சியின் தூதர்களான டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்றவை நோயாளிகளிடம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மைக்கேல்சன் ‘எக்ஸ்’ என்று குறித்த பொருளும் 1994-இல் அடையாளம் காணப்பட்டது. அது வி.இ.ஜி.எஃப். என்னும் நாள வளர்ச்சிக் காரணி. புதிய நாளங்களை வளர்ப்பதோடு அது நிற்பதில்லை. நாளச் சுவரைக் கசியச் செய்து, ஐகேம்-1ஐயும் கூட்டி, வெள்ளையணுக்களை வரவழைக்கிறது. அந்த வெள்ளையணுக்கள் மேலும் வி.இ.ஜி.எஃப்.ஐக் கொண்டுவருகின்றன. நாள நோய் என்றும் அழற்சி என்றும் இரு கட்சியாக நின்று பேசியவை ஒரே வட்டத்தின் இரு பக்கங்கள் என்று தெரிந்தது.

அப்படியானால் ஆஸ்பிரின் ஏன் தோற்றது? நாய்களுக்கு உடல் எடைக்கு ஏற்ப உயர்ந்த அளவில் ஐந்து ஆண்டுகள் ஆஸ்பிரின் தந்த கெர்ன், எங்கர்மன் இருவரும் நுண்குழாய்ச் சிதைவு குறைந்ததை 2001-இல் காட்டினர். மனித ஆய்வில் தந்த அளவு போதவில்லை, அல்லது நோய் தொடங்கி நெடுநாள் கழித்துத் தந்தார்கள் என்பது ஒரு விளக்கம். அந்த உயர்ந்த அளவை மனிதருக்குத் தந்தால் வயிற்றுப்புண்ணும் இரத்தப் போக்கும் வரும். ஆகவே கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவதால் கண்ணுக்கு நன்மை இல்லை.

சென்னையிலும் மதுரையிலும்

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் எவ்வளவு என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2011 ஆண்டு அறிக்கை 10.4 சதவீதம் என்றது. 2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியா முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் உண்டு.

இவர்களில் எத்தனை பேருக்குக் கண் கெடுகிறது? இதற்கு முதலில் தெளிவான விடை சொன்ன ஊர்களில் சென்னை ஒன்று. விசுவநாதனின் மகன் வி. மோகனும் கண் மருத்துவர் ரெமா மோகனும் முன்னின்று நடத்திய ‘க்யூர்ஸ்’ கண் ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. சென்னையின் பொதுமக்களிடையே சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கண்டறிந்து, விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்ததில் 17.6 சதவீதத்தினருக்குப் பாதிப்பு இருந்தது. ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களில் இது 20.8 சதவீதம். இந்த ஆய்வில்தான் தமக்குச் சர்க்கரை இருப்பதையே முதன்முறையாக அறிந்தவர்களில் 5.1 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சர்க்கரை இருப்பதாகச் சொல்லப்படும் அன்றே இருபதில் ஒருவருக்கு விழித்திரை பழுதாகத் தொடங்கியிருக்கிறது. அவர்களுக்கு வலி ஏதும் இருந்திருக்காது. எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவின் ஆய்வு, 2009-இல் சென்னை நகர்ப்புறத்துக்கு 18 சதவீதம் என்று ஏறத்தாழ அதே எண்ணைத் தந்தது.

அழற்சியைக் குறித்தும் இங்கே தேடினார்கள். டி.என்.எஃப். மரபணுவில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு விழித்திரை நோயோடு தொடர்புடையதா என்று குமரமாணிக்கவேல் குழுவினர் சங்கர நேத்ராலயாவில் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். ஒரே அளவு சர்க்கரை, ஒரே அளவு காலம், ஆனால் ஒருவருக்குக் கண் கெடுகிறது, மற்றவருக்குக் கெடவில்லை என்பதை எல்லாக் குடும்பங்களிலும் காண்கிறோம். அழற்சியைத் தூண்டும் மரபணு ஒருவருக்கு வேகமாகவும் இன்னொருவருக்கு மெதுவாகவும் வேலை செய்வது காரணமாகுமா என்பது அந்த ஆய்வின் பின்னாலிருந்த கேள்வி. க்யூர்ஸ் குழுவினர் உடலழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம், உடற்கொழுப்போடும் சர்க்கரை நோயோடும் சேர்ந்து உயர்வதைச் சென்னை மக்களிடம் 2005-இல் காட்டினர்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், மஞ்சளிலுள்ள குர்குமினைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு உணவில் தந்து, விழித்திரையில் வி.இ.ஜி.எஃப். உற்பத்தி குறைந்ததை 2007-இல் வெளியிட்டது. நல்ல ஆய்வு. ஆனால் அது எலி. ஆஸ்பிரினும் எலியிலும் நாயிலும் வென்று மனிதரிடம் தோற்றதை மேலே பார்த்தோம். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். கண் பரிசோதனைக்கு அது மாற்றல்ல.

மதுரையின் பங்கு வேறு வகை. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியக் கணினிக்குக் கற்பித்த கூகுள் ஆய்வு 2016-இல் வெளியானபோது, அதற்குப் படங்கள் தந்த இந்திய மருத்துவமனைகளில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் இருந்தன. கணினி கற்றது 1,28,175 படங்களிலிருந்து. கண் மருத்துவர் இல்லாத ஊரிலும் ஒரு கேமரா இருந்தால் முதற்கட்டமாக வடிகட்டலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

மருந்தாகிய கருத்து

அழற்சி உண்டு என்று ஒப்புக்கொண்டதும் மருத்துவர்கள் கையில் எடுத்தது ஸ்டீராய்டு. அழற்சியைத் தணிப்பதில் அதை விஞ்சும் மருந்து குறைவு. 2000க்குப் பிறகு டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினர். விழித்திரை மையத்தின் வீக்கம் சில வாரங்களில் வற்றியது. எல்லாரும் மகிழ்ந்தனர். 2008-இல் வெளியான அமெரிக்க ஒப்பாய்வு அந்த மகிழ்ச்சியைக் குறைத்தது. இரண்டு ஆண்டு முடிவில், லேசர் பெற்றவர்களின் பார்வையே மேலாக இருந்தது. ஸ்டீராய்டு பெற்ற கண்களில் கண்புரையும் கண் அழுத்தமும் கூடின. பிறகு மெல்லக் கரையும் டெக்சாமெத்தசோன் குச்சி வந்து, 2014-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் ஊசிகளே இன்று முதலிடத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் போதிய பலன் காட்டாத கண்களுக்கு ஸ்டீராய்டு உதவுகிறது. வி.இ.ஜி.எஃப்.ஐ மட்டும் அடக்கினால் சில கண்கள் தேறாமல் போவதற்கு, அங்கே மற்ற அழற்சித் தூதர்கள் மேலோங்கி இருப்பதே காரணம் என்று பலர் கருதுகின்றனர்.

இதையெல்லாம்விட அடிப்படையானது சர்க்கரைக் கட்டுப்பாடு. 1993-இல் வெளியான ‘டி.சி.சி.டி.’ ஆய்வு, தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துவதாக 2007-இல் ஓர் ஆய்வும், 2024-இல் ஸ்காட்லாந்து ஆய்வும் சொல்கின்றன. அது அழற்சியைத் தணிப்பதாலா, வேறு வழியாலா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

உப்பளக் கரையில்

1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த இந்தக் கடற்கரை இன்று உப்பாலும் துறைமுகத்தாலும் மீன்பிடியாலும் வாழ்கிறது. உப்பளத்தில் வெண்பரப்பின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும், எரியச் செய்யும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே ஓர் ஆபத்து உண்டு. ஐம்பது வயதில் பார்வை மங்கினால் உப்பளத்து வெயில்மேலும், கடல் காற்றின்மேலும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடலாம். கண் சிவந்தால் மருந்துக் கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்குகிறோம். விழித்திரை நோய் கண்ணைச் சிவக்க வைப்பதில்லை; சொட்டு மருந்து அதற்கு மருந்தும் அல்ல. சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறவும் புரை விழவும் அதுவே காரணமாகலாம்.

2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை வருவதால் நோயாளி மருத்துவமனைக்குப் போகும் அலைச்சல் குறைந்தது. ஆனால் விழித்திரையைப் பார்க்க அவர் கட்டாயம் போக வேண்டும். தூத்துக்குடியில் 2000-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் அரவிந்த் மருத்துவமனையும் இருக்கின்றன. சர்க்கரை என்று தெரிந்த ஆண்டே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடிக்கடி பார்க்க வேண்டும். ‘எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே’ என்பவருக்கும் இது பொருந்தும். விழித்திரையின் ஓரப் பகுதிகள் நிறையப் பழுதான பிறகும் மையப் பார்வை தெளிவாக இருக்கக்கூடும்.

பரிசோதனையின்போது கண்மணியை விரியச் செய்ய மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்கு இரண்டு சக்கர வண்டி ஓட்டக் கூடாது. உப்பளத்துக்கும் போக முடியாது, ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் இரத்த அழுத்தக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.